கார்ட்டூன் வேலை வரட்டும், வாத்தியாரும் வரட்டும்

பதினொரு நிமிடக் கார்ட்டூன் ஒன்றில் 660 செக்கன்கள். ஒரு செக்கனுக்கு 24 சட்டகம். ஒவ்வொரு படத்தையும் இரண்டு சட்டகத்துக்கு நிறுத்திப் பிடித்தாலும் கணக்கு 7,920 படங்களில் வந்து நிற்கும். அசையாமல் நிற்கும் உருவம், திரும்பத் திரும்ப வரும் நடை, வாய் மட்டும் அசையும் முகம் என்று கழித்துக்கொண்டு போனாலும் மிச்சம் ஆயிரக்கணக்கில்தான் இருக்கும். அந்த ஆயிரங்களை வரைந்தவர்கள் பெரும்பாலும் கதை பிறந்த நாட்டிலேயே இருப்பதில்லை.

வன்னியில், கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ இருபது கணினி, ஒரு ஜெனரேற்றர், வேகமான இணைய இணைப்பு. வெளிநாட்டுத் தொலைக்காட்சித் தொடர்களுக்கு இங்கிருந்து வரைந்து அனுப்பும் ஒரு சின்ன ஸ்ரூடியோ. இப்படி ஒருவர் சொன்னால் இன்றைக்கு யாரும் சிரிக்கமாட்டார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன. இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் அங்கேதான். வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது. ஏ9 வீதியோரக் கடைகளில் கோயில் திருவிழாப் பதாகையும் கண்ணீர் அஞ்சலிப் பிரசுரமும் செய்கிற பொடியன்களுக்கு ஃபோட்டோஷொப் கைவந்த கலை. ரொறன்ரோவில் நடந்த கலியாணத்தின் அல்பத்தை இங்கே வடிவமைத்து அனுப்புவதும் புதினமில்லை. 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டுப் போன காலத்தையும் தாண்டி வந்த இளைஞர்கள் இவர்கள். கார்ட்டூன் வேலையையும் செய்வார்கள்.

வரட்டும் என்பதுதான் என் நிலைப்பாடும். ஆனால் வருகிறபோது எத்தனை பேருக்கு வேலை என்று மட்டும் கேட்டு விட்டுவிடக்கூடாது. போகிறபோது எதை விட்டுப்போகும் என்றும் கேட்கவேண்டும். ஏனென்றால் இந்த வேலை எந்த ஊரிலும் நிரந்தரமாகத் தங்கியதில்லை.

ரொக்கி என்ற பறக்கும் அணில் வந்த அமெரிக்கத் தொடரை 1959இலேயே மெக்சிக்கோ நகரில் வரைந்தார்கள். பிறகு யப்பான், தாய்வான், தென்கொரியா, பிலிப்பைன்ஸ் என்று வேலை நகர்ந்தது. 'த சிம்ப்சன்ஸ்' தொடரின் உருவங்களை 1989 முதல் தென்கொரியாவில்தான் அசைய வைக்கிறார்கள். லொஸ் ஏஞ்சல்ஸ் கார்ட்டூன் ஓவியர்கள் 1982இல் வேலைநிறுத்தம் செய்தது இப்படி வேலை கடல் கடந்து போவதைத் தடுக்கத்தான், தோற்றுப்போனார்கள். நமக்குப் பக்கத்தில், திருவனந்தபுரம் தொழில்நுட்பப் பூங்காவில் 1999இல் தொடங்கிய டூன்ஸ் ஸ்ரூடியோ வெளியார் வேலையோடு நிற்காமல் 2003இல் தெனாலிராமன் கதைகளைத் தொடராக்கி கார்ட்டூன் நெட்வேர்க்கில் ஓடவிட்டது. சென்னையில் பென்டாமீடியா 2000ஆம் ஆண்டிலேயே பாண்டவர் கதையை முப்பரிமாணப் படமாக எடுத்தது. ஆக, தமிழ்க் கைகளுக்கு இந்தத் தொழில் அந்நியமானதல்ல.

வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தால்தான் என் கவலை புரியும். கதை, உருவங்களின் வடிவம், காட்சிகளைப் படம்படமாகத் திட்டமிடும் ஸ்டோரிபோட், குரல்பதிவு எல்லாம் முதலிலேயே வெளிநாட்டில் முடிந்துவிடும். அவை கோப்புகளாக வந்து சேரும். எந்தச் சட்டகத்தில் எது நடக்கவேண்டும் என்று வரிவரியாக எழுதிய எக்ஸ்-ஷீட் கூடவே வரும். கைதேர்ந்த மூத்த ஓவியர் ஓர் அசைவின் முக்கியமான நிலைகளை மட்டும் வரைவார். அதற்குப் பெயர் 'கீ'. கை மேலே தூக்கியது ஒரு கீ, கீழே இறங்கியது இன்னொரு கீ. இரண்டுக்கும் நடுவில் வரும் படங்களை வரைவது புதிதாகச் சேர்ந்தவரின் வேலை: 'இன்-பிட்வீன்'. பிறகு கோட்டைச் சுத்தமாக்கி, நிறம் போட்டு, பின்னணியோடு சேர்த்து அனுப்புவார்கள். இரவு இங்கே படுக்கப்போகும்போது அங்கே பகல். விடியும்போது திருத்தப் பட்டியல் வந்து காத்திருக்கும்: இந்தக் கண் பெரிது, அந்தத் தோள் வழுக்குகிறது, மறுபடி செய். முடிந்த படத்தின் நிமிடத்துக்கோ செக்கனுக்கோதான் காசு என்று ஒப்பந்தம் போட்டால், திருத்தத்துக்குப் போகும் இரவுகள் வரைகிறவரின் தலையில்தான் விழும்.

வாயசைவு இன்னொரு கதை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வாய் அட்டவணை உண்டு. 'ஆ'வுக்கு ஒரு வாய், 'ஓ'வுக்கு ஒன்று, உதடு மூடும் 'ம', 'ப'வுக்கு ஒன்று. எல்லாம் ஆங்கில வசனத்துக்கு அளந்தவை. கிளிநொச்சியில் வட்டக்கச்சிப் பிள்ளை ஒன்று இந்த வாய்களை வரைந்து அனுப்பினால், அந்தத் தொடர் உலகம் சுற்றி, சென்னையில் தமிழ்க் குரல் பூசி, சுட்டி டிவி மாதிரி ஏதோவொரு அலைவரிசையில் அதே வட்டக்கச்சி வீட்டுக்கு வந்து சேரலாம். டோராவையும் ஜாக்கி சானையும் அப்படிப் பார்த்து வளர்ந்த தலைமுறைதான் இப்போது வேலை தேடுகிறது. கதையும் நமதில்லை, குரலும் நமதில்லை. நடுவில் உள்ள கோடு மட்டும் நமது. சிங்களப் பிள்ளைகளுக்கு இந்த விடயத்தில் ஓர் அதிர்ஷ்டம் வாய்த்தது. அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982இல் தொடங்கியபின், அங்கே டைட்டஸ் தொட்டவத்த என்பவர் வெளிநாட்டுக் கார்ட்டூன்களைச் சொந்த ஊர்ப் பேச்சில், சொந்த ஊர்ப் பகிடியோடு மொழிமாற்றித் தந்தார். வெளிநாட்டுப் படத்தை எடுத்துக்கொண்டு கதைசொல்லியாகவும் நிற்கலாம் என்று அவர் காட்டினார். வன்னிப் பேச்சில் ஒரு முயல்கூடப் பேசி நான் கேட்டதில்லை.

கைமாறிப் போகும் வேலையில் வரைந்தவர் எவ்வளவு மறைந்துபோகிறார் என்பதற்கு 2024 ஏப்ரலில் ஒரு சான்று வெளிவந்தது. வட கொரிய இணைய வழங்கி ஒன்று பூட்டாமல் கிடந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். உள்ளே அமெரிக்க, யப்பானிய கார்ட்டூன் தொடர்களின் துண்டுகள். கூடவே சீன மொழியில் திருத்தக் குறிப்புகள், கொரிய மொழிபெயர்ப்போடு. தொடர்களை வெளியிட்ட நிறுவனங்களுக்கு இது தெரிந்திருந்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஒருவர் எடுத்த வேலையை இன்னொருவர் வாங்கி, அவரிடமிருந்து மற்றொருவர் வாங்கி, கடைசியில் வரைந்தவர் எந்த நாட்டவர் என்பதே தெரியாமல் போகிறது. இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியாகத்தான் ஒரு சின்ன ஊரின் சின்ன ஸ்ரூடியோ தொடங்கவேண்டியிருக்கும்.

கடைசிக் கண்ணியிலிருந்து எழுந்த ஊர் இருக்கிறதா? இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும்.

1980களின் நடுவில் டொன் புளூத் என்ற அமெரிக்கக் கார்ட்டூன் இயக்குநர் தன் ஸ்ரூடியோவை அயர்லாந்தின் தலைநகர் டப்ளினுக்குக் கொண்டுவந்தார். அரசு ஊக்கம் கொடுத்தது. குட்டி டைனோசர்களின் கதையான 'த லாண்ட் பிஃபோர் டைம்' 1988இல் வந்தது அங்கிருந்துதான். கதை அமெரிக்கர்களுடையது, வரைந்த கைகளில் பல ஐரிஷ் இளைஞர்களுடையவை. 1995இல் அந்த ஸ்ரூடியோ மூடப்பட்டது. நூற்றுக்கணக்கானோருக்கு வேலை போயிற்று. அத்தோடு கதை முடிந்திருக்கவேண்டும். முடியாமல் போனதற்குக் காரணம் ஒரு வகுப்பு. ஸ்ரூடியோவுக்கு ஆள் தேவைப்பட்டதால் டப்ளினில் பாலிஃபெர்மட் என்ற தொழிலாளர் குடியிருப்புப் பகுதிக் கல்லூரியில் கார்ட்டூன் அசைவூட்டப் பாடநெறி ஒன்று தொடங்கப்பட்டிருந்தது. ஸ்ரூடியோ போனது, வகுப்பு இருந்தது. அங்கே படித்த டொம் மூர், நோரா ட்வோமி, போல் யங் ஆகியோர் 1999இல் கில்கெனி என்ற சின்ன நகரத்தில் 'கார்ட்டூன் சலூன்' என்ற ஸ்ரூடியோவைத் தொடங்கினார்கள். கில்கெனியின் சனத்தொகை முப்பதாயிரத்தைக்கூடத் தொடாது.

அந்த ஊரிலிருந்து 2009இல் 'த சீக்ரட் ஒஃப் கெல்ஸ்' வந்தது. ஐரிஷ் துறவிகள் வரைந்த பழைய ஓவியச் சுவடி ஒன்றின் கதை. படத்தின் கோடுகளே அந்தச் சுவடியின் கோடுகள். 2020இல் வந்த 'வூல்ஃப்வோக்கர்ஸ்' ஆங்கிலப் படை கில்கெனியை அடக்கி வைத்திருந்த 1650இன் கதை. ஊரைச் சுற்றிய காடு, அதை வெட்டச்சொல்லும் ஆட்சி, காட்டுக்குள் இருக்கும் ஓநாய்ப் பெண்கள். காடு வெட்டிக் குடியேறியதையும், படை வந்ததையும், இடம்பெயர்ந்து திரும்பியதையும் ஒரே வாழ்நாளில் கண்ட வன்னியாருக்கு அந்தப் படத்தை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. அந்த ஸ்ரூடியோவின் நான்கு முழுநீளப் படங்கள் ஒஸ்கார் பரிந்துரை பெற்றிருக்கின்றன.

இந்தியாவிலும் தொடக்கம் ஒரு வாத்தியாரிடம்தான். டிஸ்னியில் வேலை செய்த கிளேர் வீக்ஸ் 1956இல் பம்பாய் ஃபில்ம்ஸ் டிவிஷனுக்கு வந்து சிலருக்குப் பயிற்சி கொடுத்தார். பயிற்சிக்கு அவர் எடுத்துக்கொண்டது டிஸ்னிக் கதையல்ல, புத்தரின் ஜாதகக் கதை. 'த பன்யன் டியர்' 1957இல் வந்தது. அவரிடம் படித்த இளைஞர்களில் ஒருவரான ராம் மோகனைத்தான் பின்னாளில் இந்தியக் கார்ட்டூனின் தந்தை என்றார்கள். ஒரு மனிதர், ஓர் அறை, கொஞ்சக் காலம். அவ்வளவுதான் செலவு.

அயர்லாந்திலும் பம்பாயிலும் கொரியாவிலும் ஒன்று பொதுவாக இருந்தது. புதியவர் ஏறுவதற்கு ஒரு முதற்படி இருந்தது: அந்த இன்-பிட்வீன் வேலை. கூலி குறைவு, சலிப்பு அதிகம். ஆனால் தேர்ந்த ஓவியர் ஒருவரின் இரண்டு படங்களுக்கு நடுவில் நாளெல்லாம் உட்கார்ந்திருந்தால், உடம்பின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது, பந்து தரையில் பட்டதும் ஏன் நசுங்குகிறது, திரும்பும் தலைக்கு முன்பாகக் கண் ஏன் திரும்புகிறது என்பதெல்லாம் கைக்குள் இறங்கிவிடும். சம்பளம் வாங்கிக்கொண்டே படித்த பள்ளிக்கூடம் அது.

அந்தப் படியைத்தான் இப்போது உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். என்னை உறங்கவிடாத விடயம் இதுதான். கை, கால், தலை என்று துண்டு துண்டாகப் பூட்டிய உருவத்தை அசைக்கும் மென்பொருள் வந்தபோதே நடுப்படங்களில் பெரும்பகுதியைக் கணினி எடுத்துக்கொண்டது. இப்போது செயற்கை நுண்ணறிவு, கையால் வரைந்த இரண்டு படங்களுக்கு நடுவையும் நிரப்பப் பழகுகிறது. 2023இன் தொடக்கத்தில் யப்பானில் வெளியான 'த டோக் அண்ட் த போய்' என்ற குறும்படத்தில் பின்னணி ஓவியங்களுக்கு அது பயன்பட்டது. ஆட்பற்றாக்குறைதான் காரணம் என்றார்கள். கடைசியில் ஓடிய பெயர்ப்பட்டியலில் பின்னணி ஓவியர் என்ற இடத்தில் 'செயற்கை நுண்ணறிவு (+ மனிதர்)' என்று இருந்தது. இயந்திரம் முதலில்; மனிதர் அடைப்புக்குறிக்குள், பெயரில்லாமல். அந்த மனிதர் ஓர் இளம் ஓவியராக இருந்திருக்கலாம். அவருடைய தாய் அந்தப் பட்டியலில் பிள்ளையின் பெயரைத் தேடியிருக்கலாம்.

வன்னிக்கு இந்த வேலை வரும் நேரத்தில், சின்ன ஸ்ரூடியோவுக்கு மிஞ்சப்போவது என்ன? இயந்திரம் பிழையாகப் போட்ட ஆறாவது விரலை அழிப்பது. நழுவிய மூக்கைப் பிடித்து வைப்பது. ஆயிரம் படங்களைப் பார்த்துச் சரி, பிழை என்று குறியிடுவது. அதற்கும் கூலி உண்டு. ஆனால் பத்து வருடம் அதைச் செய்தாலும் ஒரு பிள்ளைக்கு நடக்கிற மனிதனை வரையத் தெரியவராது. வேலை வேறு நாட்டுக்குப் போகும் நாளில் டப்ளின் இளைஞர்களின் கையில் தொழில் இருந்தது. நம் பிள்ளைகளின் கையில் ஒரு கடவுச்சொல்தான் இருக்கும், அதையும் மாற்றிவிடுவார்கள்.

வயிற்றுக்கு வழி தேடும் வீட்டில் போய் இதைப் பேசலாமா, மாதச் சம்பளம் வந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. சம்பளம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

நான் கேட்பது வகுப்பு. சித்திரப் பாடத்தில் சாதாரண தரத்தில் 'ஏ' எடுத்த பிள்ளை உயர்தரத்தில் அதைக் கைவிடுவதை வன்னிப் பாடசாலைகளில் சாதாரணமாகக் காணலாம். அதை வைத்து என்ன தொழில் என்று வீட்டில் கேட்டால் பிள்ளையிடம் பதில் இல்லை. ஸ்ரூடியோ வைக்க வருகிறவரிடம் நாம் முதலில் பேசவேண்டியது இதைத்தான். இருபது பேருக்கு வேலை தருகிறீர்களா, நல்லது. வாரத்தில் எத்தனை மணித்தியாலம் அவர்கள் தாளும் பென்சிலுமாக இருப்பார்கள்? அவர்களுக்குக் கீ வரையச் சொல்லிக்கொடுப்பது யார்? பெயர்ப்பட்டியலில் அவர்களுடைய பெயர் வருமா? மூன்று வருடத்தில் ஒரு குறும்படமாவது அவர்களுடைய சொந்தக் கதையாக, சொந்த உரிமையில் எடுக்க இடம் விடுவீர்களா?

மென்பொருளுக்குக் காசில்லை என்ற சாட்டு இனிச் செல்லாது. லத்வியா என்ற சின்ன நாட்டின் 'ஃப்ளோ' என்ற பூனைக் கதை 2025இல் ஒஸ்கார் வாங்கியது. ஒரு சொல் வசனம் இல்லாத அந்தப் படத்தைச் செய்தது யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய பிளெண்டர் மென்பொருளில். அறிவியல் நகரில் கணினிகள் இருக்கின்றன. இல்லாதது வாத்தியார்.

வாத்தியாரும் வெகுதூரத்தில் இல்லை. உலகத்தில் பேர்போன கார்ட்டூன் பாடநெறிகளில் ஒன்று ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் ஓக்வில்லில், ஷெரிடன் கல்லூரியில் நடக்கிறது. எங்கள் சனம் பெருமளவில் வாழும் பிரம்டனும் மிசிசாகாவும் அதற்கு அயல். அங்கே படித்த, அந்தத் தொழிலில் இருக்கிற ஒருவர் ஒரு தவணைக்கு நேரில் வரலாம். வரமுடியாவிட்டால் சனி, ஞாயிறில் இணையவழி வகுப்பெடுக்கலாம். பாடசாலைக் கட்டடத்துக்கும் நுழைவாயில் வளைவுக்கும் மண்டபத்துக்கும் புலம்பெயர்ந்த பழைய மாணவர் சங்கங்களுக்குக் கடிதம் எழுதி நல்ல பழக்கம் நமக்கு இருக்கிறது. அவர்களும் மனமுவந்து கொடுக்கிறார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா அதிபர்கள் இந்த வருடக் கடிதத்தில் ஒரு வரி கூட்டவேண்டும்: எங்கள் பிள்ளைகளுக்கு அசையும் படம் வரையப் பழக்க ஓர் ஆளைத் தேடித் தாருங்கள்.