கேஜிஎஃப்-ல இருக்குற மணல்மேடு, மணல்மேடே இல்ல

இன்னிக்கு எபிசோடுல பாலைவனம் பார்க்கப் போறோம். ராஜஸ்தானுக்கு டிக்கெட் போட வேணாம். சென்ட்ரல்ல பெங்களூரு ரயில் ஏறி பங்காருப்பேட்டையில இறங்குங்க. அங்கிருந்து மாரிக்குப்பம் போற கிளைப்பாதை ரயிலைப் பிடிச்சா, வழியில கோரமண்டல், சாம்பியன்னு ஸ்டேஷன்கள் வரும். அங்கேயே வெளிர் நிறத்துல, புல் பூண்டு அதிகம் இல்லாத பெரிய மேடுகள் தெரியும். இதுதான் கோலார் தங்கவயல். 2018-ல வந்த கேஜிஎஃப் படத்தோட சில காட்சிகளை இந்த மேட்டுலதான் எடுத்தாங்க. அதுக்கப்புறம் நிறைய பேர் ட்ரோனோட கிளம்பிட்டாங்க.

போறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. கடலும் இல்லாத, பெரிய ஆறும் இல்லாத ஊருக்கு இவ்வளவு மணல் எங்கிருந்து வந்துச்சு?

அது மணல் இல்ல, அரைச்ச பாறை. 1880-கள்ல ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் கம்பெனி இங்க பெரிய அளவுல தோண்ட ஆரம்பிச்சுது. பாறையை மேல கொண்டுவந்து, மில்லுல மாவு மாதிரி அரைச்சு, சயனைடு கரைசல்ல ஊற வைப்பாங்க. தங்கம் கரைசலோட போயிடும். மிச்சம் இருக்குற பொடியைச் சேறாக் கொண்டுபோய் வெளிய கொட்டுவாங்க. அது காய்ஞ்சு சேர்ந்ததுதான் இந்த ‘சயனைடு டம்ப்’.

ஒரு சின்ன கணக்குப் போடுவோம். இங்க மொத்தம் எடுத்த தங்கம் சுமார் 800 டன். மேடுகள்ல கிடக்குற பொடி 3 கோடி டன்னுக்கு மேல. வகுத்துப் பாருங்க: ஒரு சவரனுக்கு, அதாவது 8 கிராமுக்கு, குறைஞ்சது 300 கிலோ பொடி. கல்யாணத்துக்கு 10 சவரன் போட்டா, அதுக்குப் பின்னாடி மூணு டன் பொடி எங்கயோ கிடக்குது.

பேரைக் கேட்டதும் எல்லாரும் பயப்படுறது சயனைடுக்கு. அது வெயில்லயும் காத்துலயும் காலப்போக்குல சிதையக்கூடியது. சிதையாம அப்படியே இருக்குறது சிலிக்கா தூசு. அந்த நுண்ணிய தூசை வருஷக்கணக்கா சுவாசிச்சா நுரையீரல் தழும்பேறி இறுகும். சிலிகோசிஸ்னு பேரு, சுரங்கத் தொழிலாளிகளோட பழைய நோய். காத்தடிச்சா அந்தத் தூசு பக்கத்துக் குடியிருப்புக்கும் போகும். நாம ஒரு மணி நேரம் மாஸ்க் போட்டுட்டு நின்னு ஃபோட்டோ எடுத்துட்டு வந்துடலாம். அங்க குடியிருக்கிறவங்களால அப்படி முடியாது.

அவங்க யாரு? பெரும்பாலும் நம்ம ஆளுங்க. வட ஆற்காடு பக்கத்துல இருந்து போன தமிழ்க் குடும்பங்கள், அதுலயும் பெரும்பாலானவங்க தலித் மக்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல ஆழம். அடியில பாறையோட வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். அதே சுரங்கத்துல, 2.3 கிலோமீட்டர் ஆழத்துல, 1965-ல விஞ்ஞானிகள் வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவு பண்ணாங்க. உலகத்துலயே முதல்ல அதைச் செஞ்ச ரெண்டு இடங்கள்ல இது ஒண்ணு.

2001 பிப்ரவரி 28-ல சுரங்கத்தை மூடிட்டாங்க. இன்னிக்கு அந்த ஊர்க்காரங்க நிறைய பேர் விடியற்காலை ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போய், ராத்திரி திரும்புறாங்க.

இப்போ முக்கியமான விஷயம். பழைய ஷாஃப்டுக்குள்ள எட்டிப் பார்க்குற ஆசையே வேணாம். சுரங்கம் ஓடுனப்போ பம்பு தண்ணியை இறைச்சுது, ஃபேன் காத்தை உள்ள தள்ளுச்சு. ரெண்டும் நின்னு போச்சு. கீழ தண்ணி நிரம்பிடும். மேல இருக்குற காத்துல, மக்குற மரமும் ஆக்சிஜனோட வினைபுரியுற பாறையும் ஆக்சிஜனைக் குறைச்சுடும். இதுக்கு வாசனை கிடையாது. மயக்கம் வந்த பிறகுதான் தெரியும், அப்போ ஏறி வர முடியாது. அனுமதி இல்லாத இடத்துல வேலியைத் தாண்டாதீங்க. உள்ளூர் ஆள் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க, அவர் நேரத்துக்குக் காசு கொடுங்க.

ராயபுரம், திருவொற்றியூர்ல இருந்து கேக்குறவங்களுக்கு இது தூரத்துக் கதை மாதிரி தோணலாம். எண்ணூர் பக்கம் செப்பாக்கத்தை நினைச்சுப் பாருங்க. அனல்மின் நிலையத்துல நிலக்கரி எரிஞ்ச சாம்பலைத் தண்ணியில கரைச்சு, குழாய் வழியா குட்டைக்கு அனுப்புறாங்க. குழாய் கசிஞ்சு கொசஸ்தலை ஆத்துல சாம்பல் படிஞ்சது நாம பார்த்ததுதான். குட்டை காய்ஞ்சா காத்துல பறக்குது. கோலார்ல நடந்த அதே முறை. எடுக்க வேண்டியதை எடுத்தாச்சு, மிச்சத்தைப் பக்கத்துல குடியிருக்கிறவங்ககிட்ட விட்டாச்சு.

அதனால அடுத்த தடவை ஆள் இல்லாத அழகான மேடு ஒண்ணு ரீல்ஸ்ல வந்தா, லொகேஷன் கேக்குறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க. இதைக் கொட்டுனது யாரு? காத்து எந்தப் பக்கம் அடிக்குது?

அடுத்த வாரம் சந்திப்போம்.