முடிவு தெரியாத ஆட்டமும் ரசிகர் மனமும்

கால்பந்தில் கோல் அரிது. உலகக்கோப்பையில்கூட ஆட்டத்துக்குச் சராசரியாக இரண்டு மூன்று கோல்தான். அதனால் தற்செயலாக விழும் ஒரே கோல் வலுவான அணியையும் கவிழ்த்துவிடும். ரசிகர்களின் ஆரவாரம், ஆத்திரம், மூடநம்பிக்கை எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இதற்குப் பொருத்தமான உதாரணம் சென்னையின் எஃப்.சி. 2015 இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடரின் இடையில் பட்டியலின் அடியில் கிடந்த அந்த அணி, டிசம்பர் 20 அன்று கோவாவில் எஃப்.சி. கோவாவுக்கு எதிராக இறுதி ஆட்டத்தில் இறங்கியது. 87-ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என முந்தியது. 90-ஆவது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் தன் வலைக்குள்ளேயே பந்தை விட்டார். அடுத்த சில நிமிடங்களுக்குள் சென்னை வீரர் மெண்டோசா அடித்த கோலில் கோப்பை சென்னைக்கு வந்தது. 2018-இல் மறுபடியும் கோப்பை. அடுத்த தொடரில் பத்து அணிகளில் கடைசி இடம். 2020-இல் திரும்பவும் இறுதி ஆட்டம், அதில் தோல்வி.

இப்படி ஏறி இறங்கும் அணியின் ரசிகர்கள் இரண்டு வகை. வெற்றியின்போது ஜெர்சி மாட்டி, ‘ஜெயிச்சிட்டோம்’ என்பவர்கள், தோல்வியில் ‘தோத்துட்டாங்க’ என்று விலகிக்கொள்வார்கள். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினி 1976-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களிடம் இதே போக்கைக் கண்டார். ‘பி ஸ்டாண்ட் ப்ளூஸ்’, ‘சூப்பர்மச்சான்ஸ்’ போன்ற ரசிகர் குழுக்களில் இருப்பவர்கள் இன்னொரு வகை. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்குமா என்பது தெரியாமலே நாற்றங்காலுக்கு வயலைத் தயார் செய்யும் தஞ்சை விவசாயிபோல, இவர்கள் அடுத்த தொடருக்கும் தயாராக நிற்பார்கள்.

அதிர்ச்சி உடம்பையும் தாக்குகிறது. 1998 ஜூன் 30 அன்று அர்ஜென்டினாவிடம் பெனால்டியில் இங்கிலாந்து தோற்றது. அன்றும் அடுத்த இரண்டு நாட்களிலும் மாரடைப்பால் அங்கே மருத்துவமனையில் சேர்ந்தோர் எண்ணிக்கை 25 சதவீதம் கூடியது.

வீட்டுக்குள் நடப்பது இன்னும் மோசம். டேவிட் கார்ட், கார்டன் டால் என்ற பொருளியலாளர்கள் வேறொரு விளையாட்டான ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ ஆட்டங்களையும் போலீஸ் பதிவுகளையும் ஒப்பிட்டு, 2011-இல் ஆய்வு வெளியிட்டார்கள். ஜெயிக்கும் என்று நம்பிய உள்ளூர் அணி தோற்ற நாட்களில், மனைவி அல்லது காதலி மீது ஆண்கள் நடத்தும் வன்முறை சுமார் 10 சதவீதம் அதிகரித்தது. தோல்வியை முன்பே எதிர்பார்த்திருந்த நாட்களில் அப்படி உயரவில்லை. எதிர்பாராத வெற்றியால் வன்முறை குறையவும் இல்லை. ஆக, ரசிகரை நிலைகுலைய வைப்பது வெறும் தோல்வி அல்ல, நிச்சயம் என்று நம்பிய வெற்றி கைநழுவிப் போவதுதான்.