தையல் ஆறிய பின்னும்

பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை முடிந்து ஊர் திரும்பிய என் சித்தப்பா, மேட்டூர் அணை திறந்த செய்தி கேட்டும் குறுவை பற்றி வாய் திறக்கவில்லை. தஞ்சை உழவரிடம் அது சாதாரண மௌனமன்று. சோர்வு, பசியின்மை, தூக்கமின்மை யாவும் சிகிச்சையின் விளைவென்றே எண்ணினோம். மனச்சோர்வின் அறிகுறிகளும் அவையே. ஆகவே எளிதில் கவனத்துக்குத் தப்பிவிடுகின்றன. மறுபரிசோதனையில் தையலைப் பார்த்தனர். மனத்தைப் பற்றி எவரும் கேட்கவில்லை, நாங்களும்தான். விருப்பமானவற்றில் நாட்டமறுவதும், பிறருக்குச் சுமையானோம் என்ற எண்ணமும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வயிற்றில் மலப்பை பொருத்தப்பட்டவருக்குக் கசியுமோ, வாடை வீசுமோ என்ற அச்சம் வேறு. சித்தப்பா கல்யாணப் பந்திகளைத் தவிர்த்ததன் காரணம் வெகுநாள் கழித்தே விளங்கியது. பையைச் சரியாகப் பொருத்தப் பழகினால் அந்த அச்சம் தணியும். மனச்சோர்வுக்கு ஆலோசனையும் மருந்தும் உண்டு. அரசின் டெலி மானஸ் எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.