எட்டு பைட்டில் ஒரு காது

"உங்கள் பெயர் என்ன?" என்று திரையில் காட்டிவிட்டு, பதிலை வாங்கி வைத்துக்கொள்வது இன்று நிரல் எழுதப் பழகும் பிள்ளைகளின் முதல் பாடம். 1981இல் ஐபிஎம் பிசியோடு வந்த டாஸ் இயங்குதளத்தின் பேட்ச் ஃபைல்களுக்கோ அது தெரியாது. ஒற்றை எழுத்துப் பதிலை வாங்க ஒரு கட்டளை கிடைக்க 1993 ஆனது. முழு வரியை வாங்கும் கட்டளை விண்டோஸ் 2000இல்தான் வந்தது. அதுவரை பயனர்கள் சும்மா இருக்கவில்லை. அவர்கள் செய்த தந்திரங்களைப் பார்த்தால், குறையே இல்லாத மொழியில் இவ்வளவு சுவாரஸ்யம் இருந்திருக்காது என்று தோன்றுகிறது.

பேட்ச் ஃபைல் என்பது கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த சாதாரண எழுத்துக் கோப்பு. கமாண்ட்.காம் என்ற நிரல் அதில் ஒரு வரியைப் படிக்கும், செய்யும், அடுத்த வரிக்குப் போகும். அந்தக் கோப்பை அது திறந்தே வைத்திருப்பதுகூட இல்லை. வரியைப் படித்ததும் மூடிவிடும். எத்தனையாவது பைட்டில் நின்றோம் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளும். நடுவில் ஃப்ளாப்பியை உருவிவிட்டால், பேட்ச் ஃபைல் இருக்கும் வட்டைப் போடச் சொல்லிக் காத்து நிற்கும்.

பயனருக்காக நிற்கும் கட்டளை தொடக்கத்திலிருந்தே ஒன்று உண்டு: பாஸ். ஏதாவது ஒரு விசையைத் தட்டச் சொல்லும். எதைத் தட்டினீர்கள் என்று பார்க்காது. விதிவிலக்கு கன்ட்ரோல்-சி. அதை அழுத்தினால் வேலையை நிறுத்தவா என்று டாஸ் கேட்கும். ஆக, எந்த விசையும் 'சரி', கன்ட்ரோல்-சி 'வேண்டாம்'. ஆபத்தான கட்டளைக்கு முந்தைய வரியில் பாஸ் போட்டு வைத்தவர்கள் இந்த ஏற்பாட்டைத்தான் நம்பியிருந்தார்கள்.

பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால்? எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இதற்குத்தான். பேட்ச் ஃபைல், '1 கணக்கு, 2 கடிதம், 3 விளையாட்டு' என்று திரையில் எழுதிவிட்டு முடிந்துபோகும். அவ்வளவுதான். வழக்கம்போல் டாஸ் கட்டளைக்காகக் காத்திருக்கும். பயனர் 2 என்று அடித்து என்டர் தட்டுவார். டாஸ் அதை ஒரு கட்டளையாக நினைத்துத் தேட, அங்கே 2.பேட் என்ற கோப்பு தயாராக இருக்கும்! அது கடிதம் எழுதும் நிரலைத் திறக்கும். வேலை முடிந்ததும் பட்டியலை மறுபடி காட்டும். 'ப்ராம்ப்ட்' கட்டளையால் சி> என்ற குறியை 'எண்ணைத் தட்டுங்கள்' என்று மாற்றிவிட்டால், உட்கார்ந்திருப்பவருக்குத் தான் டாஸிடம் நேராகப் பேசுவதே தெரியாது.

பெயர் போன்ற முழு வரிக்கு வேறு வழி வேண்டும். டாஸில் விசைப்பலகைக்கும் ஒரு கோப்புப் பெயர் உண்டு: கான். அதிலிருந்து 'காப்பி' செய்தால் நீங்கள் அடிப்பது கோப்பில் போய் விழும். முதலில், 'செட் பெயர்=' என்று பாதியில் நிற்கும் ஒரு கோப்பை, வரியை முடிக்காமல் செய்துவைப்பார்கள். பிறகு அதையும் கானையும் ஒட்டி மூன்றாவது கோப்பாக நகலெடுக்கச் சொல்வார்கள். பயனர் 'ரவி' என்று அடித்து, எஃப்6, என்டர் தட்டினால் வாக்கியம் முழுமையாகும். அந்த மூன்றாவது கோப்பை பேட்ச் ஃபைலாக ஓட்டியதும் ரவி நினைவகத்தில் ஏறிவிடுவார். எஃப்6 தருவது 26 என்ற எண்ணுள்ள எழுத்து. 'கோப்பு இத்தோடு முடிந்தது' என்பதற்கான குறி. இது டாஸுக்கு முந்தைய சிபி/எம் இயங்குதளத்தின் சொத்து. அது கோப்பின் நீளத்தை 128 பைட் துண்டுகளாக மட்டுமே அளந்ததால், எழுத்து எங்கே முடிகிறது என்று காட்ட ஒரு குறி தேவைப்பட்டது.

இந்த வழியில் ஒரு வில்லங்கமும் உண்டு. பயனர் தன் பெயரில் '>' குறியைச் சேர்த்து அடித்தால், டாஸ் அதையும் கட்டளையாகவே எடுத்துக்கொண்டு புதிதாக ஒரு கோப்பை உருவாக்கிவிடும்.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது, ஒற்றை விசைப் பதிலை வாங்கும் எட்டு பைட் நிரல். நம் கைபேசி எண்ணை எழுத்தாகச் சேமிக்கவே பத்து பைட் வேண்டும். முழு நிரலும் இதோ: 180, 7, 205, 33, 180, 76, 205, 33. 180 என்றால் 'அடுத்து வரும் எண்ணை ஏஎச் பதிவகத்தில் வை'. பதிவகம் என்பது செயலிக்குள்ளேயே இருக்கும் சின்ன அறை. 205, 33 இரண்டும் சேர்ந்து டாஸைக் கூப்பிடுகின்றன. 7 என்றால் 'ஒரு விசை தட்டப்படும்வரை காத்திரு'. தட்டியதும் அந்த எழுத்தின் எண் ஏஎல் என்ற பக்கத்து அறையில் விழும். 76 என்றால் 'நிரலை முடி. ஏஎல்-இல் இருப்பதை முடிவு எண்ணாக ஒப்படை'. விசை விழுந்த அறையும் முடிவு எண்ணை எடுக்கும் அறையும் ஒன்றே! இடம் மாற்றும் வேலைக்கு ஒரு பைட்கூடச் செலவில்லை.

இதை எழுத எந்த மென்பொருளும் தேவையில்லை. காப்பி கான் போதும். ஆல்ட் விசையை அழுத்தியபடி எண்பலகையில் 180 என்று தட்டினால் அந்த பைட் கோப்பில் ஏறும். 33க்கு அந்தச் சிரமமும் வேண்டாம். அது வெறும் ஆச்சரியக்குறி. 76 ஆங்கிலப் பெரிய எழுத்து 'எல்'. எட்டில் மூன்றைச் சாதாரணமாகவே அடித்துவிடலாம்.

பேட்ச் ஃபைலில் இந்த முடிவு எண்ணைச் சோதிக்கும் 'எர்ரர்லெவல்' நிபந்தனைக்கு ஒரு குணம் உண்டு. 'இந்த எண்ணா?' என்று அது பார்ப்பதில்லை. 'இந்த எண்ணோ, அதற்கு மேலோ?' என்றுதான் பார்க்கும். பெரிய 'ஒய்' 89, பெரிய 'என்' 78. முதலில் 78ஐச் சோதித்தால் 'ஒய்' அடித்தவரும் அதில் மாட்டிக்கொள்வார். அதனால் சோதனைகளை மேலிருந்து கீழாக அடுக்க வேண்டும். சின்ன 'ஒய்' 121, சின்ன 'என்' 110 என்பதால் அவற்றையும் வரிசையில் சேர்க்க வேண்டும்.

1993இல் எம்எஸ்-டாஸ் 6 தந்த சாய்ஸ் கட்டளை எழுத்தின் எண்ணுக்குப் பதிலாக 1, 2, 3 என்று விடையின் இடத்தைத் தந்தது. பெரிய எழுத்து, சின்ன எழுத்துத் தொல்லை போயிற்று. குறித்த நொடிகளுக்குள் பதில் வராவிட்டால் தானே ஒன்றைத் தேர்ந்துகொள்ளவும் அதற்குத் தெரியும். மேலிருந்து கீழாகச் சோதிக்கும் கட்டாயம் மட்டும் அப்படியே நீடித்தது.

கடைசியாக விண்டோஸ் 2000இல் செட் கட்டளையோடு '/பி' என்ற சேர்க்கை வந்தது. கேள்வியைக் காட்டும், முழு வரியை வாங்கும், மாறியில் வைக்கும். ஒரே வரியில் எல்லாம் முடிந்தது. தந்திரக்காரர்கள் அதையும் விடவில்லை. எக்கோ கட்டளையால் எதை எழுதினாலும் கர்சர் அடுத்த வரிக்குத் தாவிவிடும். செட் /பி காட்டும் கேள்விக்குப் பின் கர்சர் அதே வரியில் நிற்கும். எனவே அதற்கு விசைப்பலகையைத் தராமல், நுல் என்ற வெற்றுச் சாதனத்தைக் கொடுத்து ஏமாற்றினார்கள். பதில் கிடைக்காத செட் /பி கேள்வியை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடும். பதில் வாங்கவென்றே வந்த கட்டளை, வரி முறியாமல் திரையில் எழுதவும் இன்றுவரை பயன்பட்டு வருகிறது.