வீட்டுப் பழுது யார் பொறுப்பு?

ஊரைவிட்டு மும்பைக்கு வந்து, பல ஆண்டுகள் வாடகை வீட்டில் காலந்தள்ளி, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் கல்யாணிலோ டோம்பிவிலியிலோ ஒரு வீட்டை வாங்கி, அதை வாடகைக்கு விட்டிருக்கும் குடும்பங்கள் நம்மில் அநேகம் உண்டு. ஜூன் மாத மழை தொடங்கியவுடன் குடியிருப்பவர் தொலைபேசியில் அழைக்கிறார்: "சுவரெல்லாம் ஈரம், வந்து பாருங்கள்." "குடியிருக்கிறவர் நீங்கள், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிறோம். இவ்விதம் தொடங்கும் பேச்சு, அவர் வாடகையை நிறுத்துவதிலும் நாம் தண்ணீரைத் துண்டிப்பதிலும் போய் முடிகிறது.

சட்டம் சொல்வது என்ன? மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999-ன்படி, வீட்டைக் குடியிருக்கத் தகுந்த நிலையில் பழுதுபார்த்து வைப்பது உரிமையாளரின் கடமை. 15 நாட்களுக்குக் குறையாத அறிவிப்பு கொடுத்தும் அவர் கவனியாவிட்டால், வாடகைதாரரே செய்து, அந்த ஆண்டு வாடகையில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்படாமல் கழித்துக்கொள்ளலாம். தக்க காரணமின்றித் தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிப்பதை அதே சட்டம் தடைசெய்கிறது.

ஆனால் இன்று பெரும்பாலான வீடுகள் 'லீவ் அண்ட் லைசென்ஸ்' முறையில் விடப்படுகின்றன. அங்கே ஒப்பந்தத்தின் வாசகமே முதன்மையானது. அது எழுதிப் பதிவுசெய்யப்பட வேண்டும். பதிவு செய்வது உரிமையாளரின் பொறுப்பு. பதிவில்லாவிடில், வேறுவிதமாக நிரூபிக்கப்படும்வரை, நிபந்தனைகளைக் குறித்துக் குடியிருப்பவர் சொல்வதே நிற்கும்.

ஒப்பந்தத்தில் எதை எழுதுவது? மத்திய அரசு 2021-ல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டத்தின் பட்டியல் நல்ல வழிகாட்டி. மாநிலம் ஏற்றுச் சட்டமாக்கினால்தான் அது கட்டுப்படுத்தும். எனினும் அதன் பகுப்பு நியாயமானது. கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, வெள்ளையடித்தல், குழாய் வரிசையை மாற்றுதல், மின்கம்பி இணைப்பு ஆகியவை உரிமையாளருடையவை. குழாயின் வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்ச், கீசர், பூட்டு, ஜன்னல் கண்ணாடி ஆகியவை குடியிருப்பவருடையவை. குடியிருப்பவரே உண்டாக்கிய சேதம் உரிமையாளர்மேல் வராது.

மழைக் கசிவில் மூன்றாவது தரப்பும் உண்டு. மொட்டைமாடி, வெளிச்சுவர், பொதுக்குழாய் வழியாக நீர் இறங்கினால், அதைச் சரிசெய்வது பொதுவாக வீட்டுவசதிச் சங்கத்தின் பொறுப்பு. அதற்கு உறுப்பினராகிய நீங்களே எழுத்தில் முறையிட வேண்டும். குடியிருப்பவரை அலைக்கழிப்பது முறையன்று.

ஆகையால் சாவியைக் கொடுக்கும் நாளில் இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பாருங்கள். ஒவ்வொரு அறையையும் படம் எடுத்து, இருக்கும் குறைகளை எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். பின்னர் பழுது நேர்ந்தால் புகாரும் பதிலும் எழுத்தில் இருக்கட்டும், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஈரம் மின்சுவிட்சை எட்டினால் யார் செலவு என்று வாதிடாமல், மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லி, அன்றே எலெக்ட்ரீஷியனை அனுப்புங்கள். கணக்கை மறுநாள் பேசித் தீர்க்கலாம்; அந்தச் சுவரருகே உறங்கும் பிள்ளைக்கு நேரும் விபத்தை அப்படித் தீர்க்க இயலாது.