கீலும் கதவும்

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு எல்லையில், பந்தலூருக்கு அணித்தே, வயநாட்டை ஒட்டி அமைந்த மலையூர் சேரங்கோடு. இலங்கையினின்றும் தாயகம் திரும்பிய தமிழர்க்கு வாழ்வளிக்கும் பொருட்டு 1968ஆம் ஆண்டில் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம், 1976இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. அதன் கோட்டங்களுள் ஒன்று இவ்வூரில் அமைந்தது. பறித்த கொழுந்து மூட்டைக்குள் வெம்பிக் கெடுமுன் ஆலையை அடைதல் வேண்டும்; ஆதலின் இம்மலைப்பாதைகளில் ஜீப்புகளுக்கும் லாரிகளுக்கும் ஓய்வு குறைவு.

தென்மேற்குப் பருவமழை இங்குக் கடுமையாகப் பெய்யும். இரும்பிற்கு மழை பகை. அப்பகையைத் தடுத்து நிற்பது மெல்லிய பெயிண்டுப் பூச்சு ஒன்றே. கதவின் ஓரத்தில் நகத்தளவு பூச்சுப் பெயர்ந்தாலும் போதும். ஈரம் அவ்வழியே புகுந்து, பூச்சின் அடியிலேயே துருவைப் பரப்பிவிடும். புதிதாகப் பூசிய ஊர்தியில் இக்கேடு பெரும்பாலும் நேர்வது சாலையில் அன்று, பட்டறையிலேயே. கழற்றிய கதவை மீண்டும் மாட்டும்பொழுது.

புதுப்பூச்சு தொட்டால் ஒட்டாத நிலையை விரைவில் அடையும். ஆயினும் அதன் உள்ளே மென்மை நீங்கியிராது. எனாமல் பூச்சு காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்றே இறுகுகின்றது. குளிரும் ஈரமும் மிக்க ஊரில் அதற்குப் பல நாள்கள் ஆகும். லேக்கர் பூச்சோ தின்னர் ஆவியாவதால் உலர்வது. அவ்வாறு ஆவியாகும்பொழுது பரப்பு குளிர்கின்றது. மூடுபனி நாளில் அக்குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து, பூச்சு வெளுத்துவிடும். பனியும் மழையும் இல்லாத நாள் பார்த்துப் பூசும் மலைநாட்டுப் பெயிண்டரின் பொறுமையைச் சோம்பல் என்று கருதுதல் தகாது.

கண்ணாடியும் பூட்டும் சேர்ந்த காரின் கதவொன்று ஏறத்தாழ 20 முதல் 30 கிலோகிராம் நிறை உடையது. அவ்வளவு பாரமும் ஒருபக்கத்துக் கீல்கள் இரண்டிலேயே தொங்குகின்றது. கீல்களுக்கு இடையே 40 சென்டிமீட்டரும், கதவின் அகலம் 100 சென்டிமீட்டரும் எனக் கொள்க. மேற்கீலின் பின்னே 1 மில்லிமீட்டர்த் தகடு ஒன்றைச் செருகினால், கதவின் மறுமுனை இரண்டரை மில்லிமீட்டர் தாழும். கீழ்க்கீலின் பின்னே செருகினால் அதே அளவு உயரும். நெம்புகோலின் கணக்கு இதுவே. சம்மட்டியால் தட்டிச் சரிசெய்ய முயல்வோர் இக்கணக்கை மறந்தவர் ஆவர்.

ஆகவே தேர்ந்த தொழிலாளர், பூசுவதற்கு முன்பே கதவை மாட்டி, இடைவெளியைச் சரிசெய்துகொள்வர். நாற்புறமும் 4 அல்லது 5 மில்லிமீட்டர் இடைவெளி ஒரே சீராக இருத்தல் நன்று. மேடுபள்ளமான பாதையில் உடற்கூடு சற்றே முறுகுமாதலின், இடைவெளி குறைந்தால் இரும்போடு இரும்பு உராயும். அந்த அளவுள்ள அட்டைத் துண்டொன்று சுற்றிலும் ஒரேபடியாக நுழைதலே சோதனை. பின்னர்க் கீலின் தகட்டையும் தூணையும் சேர்த்து ஊடுருவுமாறு இரண்டு சிறு துளைகள் இடுவர். செருகிய தகடுகள் எந்தக் கீலுக்கு உரியவை என்பதையும் குறித்துக்கொண்டு, கதவைக் கழற்றிப் பூச்சுக்கு அனுப்புவர்.

பூச்சு நன்கு இறுகியபின், கதவின் ஓரங்களிலும் தூணின் விளிம்பிலும் காகித நாடா ஒட்டப்படும். பூட்டு மாட்டிக்கொள்ளும் கொக்கியை முதலிலேயே கழற்றிவிடுதல் வேண்டும். இன்றேல் முதல்முறை சாத்தும்பொழுதே அது கதவின் விளிம்பைக் கீறிவிடும். கைவிரல் மோதிரமும் இடுப்பு வாரின் பூட்டும் புதுப்பூச்சுக்குச் சுத்தியலினும் கொடியவை, அவற்றையும் கழற்றிவைப்பர். ஜாக்கியின் மேல் பலகையிட்டு, அதன்மேல் மடித்த சாக்கை விரித்து, கதவை அதில் தாங்கவைப்பர். ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் முன்பு இட்ட துளைகளில் கம்பிகளைச் செருகுவார். கதவு தன் பழைய இடத்தைத் தானே கண்டுகொள்ளும். போல்ட்டின் தலைக்கு அடியில் வாஷர் இட்டால், முடுக்கும்பொழுது பூச்சு சுருண்டு கிழியாது.

எல்லா போல்ட்டுகளும் கையளவில் முடுகியபின் கதவை மெல்லச் சாத்தி, அட்டையால் மீண்டும் அளந்து, அதன் பின்னரே ஸ்பேனரால் இறுக்குவர். கொக்கியை மாட்டுவது கடைசி வேலை. தாழ்ந்து தொங்கும் கதவைத் தூக்கிநிறுத்தக் கொக்கியை உயர்த்துவோரும் உண்டு, அது பிழை. கொக்கி கதவைப் பிடிப்பதற்கே உரியது, தாங்குவதற்கு அன்று. அவ்வாறு வலிந்து பூட்டிய கதவு, கொண்டையூசி வளைவில் வண்டி குலுங்கும்பொழுது திறந்துகொள்ளக்கூடும். மலைப்பாதையில் அதன் விளைவு பெயிண்டின் கீறலோடு நில்லாது.

இறுதியில் கதவைச் சுற்றியுள்ள ரப்பர்ப் பட்டையின்மேல் சிறிது டால்கம் பவுடர் தூவுவர். இல்லையேல் மறுநாட் காலையில் கதவைத் திறக்கும்பொழுது, ரப்பரோடு ஒட்டிக்கொண்டு புதுப்பூச்சும் உரிந்துவரும்.