புது வீட்டில் மெயின் சுவிட்ச் எங்கே?



தோட்டத்து லயத்தை விட்டுப் புது வீட்டுக்குக் குடிபோனதும் பால் காய்ச்சுகிறோம். சாமி படம் மாட்டுகிறோம். மெயின் சுவிட்ச் எங்கே என்று பார்க்கிறோமா?

மீட்டர் பெரும்பாலும் வெளியே, வாசல் பக்கம் இருக்கும். அதன் முத்திரையைத் தொடக்கூடாது. நாம் தேட வேண்டியது வீட்டினுள், பெரும்பாலும் முன்கதவை ஒட்டிய சுவரில் இருக்கும் மூடி போட்ட பெட்டியை. அதிலுள்ள சின்னச் சுவிட்சுகள் வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் உரியவை. மெயின் சுவிட்ச் வீடு முழுவதற்கும். அதைக் கீழே தள்ளினால், விளக்கு, பிளக்கு எல்லாவற்றுக்கும் போகும் 230 வோல்ட் மின்சாரமும் நின்றுவிடும்.

பிள்ளையைக் கரண்ட் பிடித்தால், பதறிப்போய்க் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். இழுப்பவரையும் அது பிடிக்கும். முதலில் மெயினை அணையுங்கள். பிறகு 999ஐ அழையுங்கள்.

அந்தப் பெட்டியை அலமாரி வைத்து மறைக்க வேண்டாம். பாட்டி முதல் பிள்ளைகள் வரை எல்லாருக்கும் அதை இன்றிரவே காட்டி வைப்போம்.